பின்னால் வருபவள் சொல்ல வேண்டியது

இன்று காலை சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரியைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. நேற்று மழையில் ஊறிய கையுறைகளைக் காயட்டும் என்று அங்கே போட்டிருந்தேன். ஈரக் கம்பளி, சங்கிலி எண்ணெய், கொஞ்சம் வியர்வை, எல்லாம் சேர்ந்து வெந்த வாசம். என் வீட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "உள்ள எலி ஏதும் செத்துக் கிடக்கா பாரு" என்றார். குளிக்கும் துண்டுகளும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன என்பது அவர் வருத்தம். நியாயமான வருத்தம்தான். ஆனாலும் நான் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். மழைக்காலம் முழுவதும் உன் மேல் அடித்த வாசம் அது. நீ லிஃப்டில் ஏறினால் சிலர் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பார்கள். நீ அதைப் பற்றிக் கவலையே பட்டதில்லை.

நீ இல்லாத முதல் குளிர்காலம் இது. ஊரில் இருப்பவர்கள் இன்னமும் போனில், "ஐஸ்லயா சைக்கிள் ஓட்டுற?" என்று கேட்கிறார்கள். ஆக்லாந்தில் ஐஸ் எங்கே இருக்கிறது? ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வரும் இங்கத்திய குளிர்காலம் என்றால் மழை, காற்று, காலையில் விடியாத இருட்டு, மாலையில் சீக்கிரம் கவியும் இருட்டு, இவ்வளவுதான். சைக்கிளில் போகிறவளுக்கு இதுவே போதும்.

நாம் சந்தித்தது நகரத்தில் நம் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில், சைக்கிள் நிறுத்தும் கம்பிக் கூண்டுக்குள். நீ மூன்றாம் மாடியில் கணக்குப் பிரிவில் இருந்தாய், நான் அதற்கு மேல் மாடியில் மென்பொருள் சோதிக்கிறவள். என் பூட்டு திறக்க மறுத்தது. நான் அதைத் தமிழில் திட்டினேன். அச்சில் ஏற்றக்கூடிய திட்டு இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "நீர் தமிழோ?" என்றது. திருச்சிக்காரியான என்னை வாழ்க்கையில் யாரும் 'நீர்' என்று அழைத்ததில்லை. நாடகத்து ராஜா மந்திரியைக் கூப்பிடுவதுபோல இருந்தது. பயந்துபோய், "ஆமாங்க" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் சிநேகிதிகள் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று பிறகு விளக்கினாய். 'நீங்கள்' என்றால் தூரம், 'நீ' என்றால் உரிமை கூடிப்போகும், 'நீர்'தான் அளவாம். நான் கடைசிவரை அந்த அளவுக்கு வரவில்லை. இரண்டே வாரத்தில் நேராக 'நீ'க்குப் போய்விட்டேன். இரண்டு பேருக்கும் வீடு லின்ஃபீல்டில், நடுவில் மூன்று தெருக்கள்தான் என்று தெரிந்ததும், காலையில் நான் உன் வாசலுக்கு வருவதும் சேர்ந்து கிளம்புவதும் வழக்கமாகிப் போயின.

போரில் பெட்ரோல் கிடைக்காத வருடங்களில் ஊரே சைக்கிளில் ஓடிய காலத்தில் வளர்ந்தவள் நீ. 'ஓட்டுவது' என்று நீ சொல்லவே மாட்டாய், 'ஓடுறது'தான். எனக்கோ, பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த சைக்கிளோடு அந்தப் பழக்கம் முடிந்திருந்தது. இங்கே வந்து, நிறுத்தத்துப் பலகை வரும் என்று சொல்லும் பஸ் வராமலே போய்க்கொண்டிருந்ததில் வெறுத்து, மறுபடி ஏறினேன். ஏறினேனே தவிர, எனக்குத் தெரிந்த ஓட்டுதல் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டு வாசலில் சொல்லும் வார்த்தையும் அதுதான்: "ஓரமா, பாத்துப் போ." அம்மா சொன்னாள், அப்பா சொன்னார், போனில் பேசும் அத்தை இன்றும் சொல்கிறாள். பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி ஒதுங்க வேண்டும். அது எங்கள் ரத்தத்திலேயே ஊறிப் போனது.

முதல் வாரமே உனக்குப் பொறுக்கவில்லை. ஒயிட் ஸ்வான் ரோட்டில் என் பின்னால் வந்துகொண்டே கத்தினாய்.

"நீர் ஏன் வாய்க்காலுக்குள்ள ஓடுறீர்? ரோட்டில உமக்கு இடமில்லையோ?"

"பின்னாடி கார் வருது. பாவம், வழி விடலாம்னுதான்."

"அவன் பாவமோ? அவனுக்கு ஹீட்டர் இருக்கு!"

நீ சொன்னதில் இருந்த நியாயத்தை ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டித்தான் புரிந்துகொண்டேன். மழைக்காலத்தில் ரோட்டின் ஓரம் என்பது ரோடே இல்லை. நனைந்து ஒட்டிக் கிடக்கும் இலைகள், சாக்கடை மூடியின் வழுக்கும் கம்பிகள், உடைந்த கண்ணாடி, குப்பை எடுக்கும் நாளில் இருட்டில் சாய்ந்து நிற்கும் தொட்டிகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். நிறுத்தியிருக்கும் காரிலிருந்து ஒருவர் பார்க்காமல் கதவைத் திறப்பதும் அந்தப் பக்கம்தான். போதாததற்கு, நாம் ஒதுங்க ஒதுங்கப் பின்னால் வருகிறவன் இடுக்கில் புகுந்து போய்விடலாம் என்று நினைக்கிறான். காரின் இடது சக்கரம் ஓடும் தடத்தில் ஓட்ட வேண்டும், ரோடு குறுகினால் நடுவுக்கே வந்துவிட வேண்டும், அகன்றதும் ஒதுங்கி, கை காட்டி அவனைப் போகவிட வேண்டும் என்பாய். வெள்ளைக் கோடு நனைந்தால் சோப்பு என்பாய். வெயில் வந்தாலும் உனக்கு நிம்மதி கிடையாது. குளிர்கால வெயில் தாழ்வாக வரும். நம் நிழல் நமக்குப் பின்னால் நீளமாக விழுந்தால், பின்னால் வரும் டிரைவரின் கண்ணில் சூரியன் மட்டும்தான் இருக்கும், நாம் இருக்க மாட்டோம்.

தெரிந்துகொள்வது வேறு, உடம்பு கேட்பது வேறு. ஹாரன் சத்தம் கேட்டால் என் கைகள் தானாகவே இடப்பக்கம் திரும்பிவிடும்.

உன் வீட்டுக்காரர் காரில் நம்மைத் துரத்திய அந்த ஜூலைக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. நல்ல மழை, கும்மிருட்டு. நீ புதிதாக வாங்கிய நீளமான மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாய். அவர் சாரம் என்று நீங்கள் சொல்லும் லுங்கியோடு, தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றார். நீ, "போட்டு வாறன்" என்றாய். நான் முன்னால், நீ பின்னால். அடுத்த தெருவைத் திரும்பும்போது பார்த்தால், நம் பின்னால் ஒரு கார். எல்லா விளக்குகளையும் மினுக்கிக்கொண்டு, முந்தவும் செய்யாமல், நிற்கவும் செய்யாமல், நம் வேகத்திலேயே ஊர்ந்து வந்தது.

குடிகாரனா, சண்டைக்காரனா என்று தெரியவில்லை. நீ உன் தடத்தை விட்டு ஒரு சாண்கூட நகரவில்லை. நான் வழக்கம்போல, பாவம், வழி விடலாம் என்று ஓரத்துக்குத் திருப்பினேன். முன்சக்கரம் ஈர இலையில் ஏறியது, அப்படியே சறுக்கியது, புல்தரையில் மணிக்கட்டு மடங்க விழுந்தேன்.

கார் நின்றது. சாரத்தை மடித்துக் கட்டியபடி உன் வீட்டுக்காரர் இறங்கி ஓடி வந்தார்.

"ஐயோ தங்கச்சி, அடி பட்டிட்டுதோ?"

நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய். "என்னப்பா இது? விடியக்காத்தால உங்களுக்கு என்ன விசரோ?"

"உம்மட பின் லைற் தெரியேல்லை. கோட்டு மூடிப்போட்டுது. ஆரும் இடிச்சுப்போடுவினம் எண்டுதான் பின்னால வந்தனான்."

"அதை வாசல்லயே ஒரு சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாமே?"

அவர் மழையில் நனைந்துகொண்டே, மிகவும் பொறுப்பாகச் சொன்னார்: "வெளிக்கிட்ட ஆளைப் பின்னால கூப்பிடக் கூடாதெல்லோ."

மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் நான் புல்லில் உட்கார்ந்தபடி சிரித்தேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கிளம்புகிறவரைப் பின்னால் கூப்பிட்டால் காரியம் கெடும். கூப்பிட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஒரு வாய் தண்ணீருக்குப் பயந்து ஒரு மனிதர் தன் பெண்டாட்டிக்குப் பின்விளக்காக மூன்று தெரு வந்திருக்கிறார். நான் ஒரு காருக்கு மரியாதை கொடுத்துப் புல்லில் கிடக்கிறேன். எந்த வெள்ளைக்காரனுக்கும் இப்படி ஒரு விபத்து வாய்க்காது.

கட்டுப் போட்ட கையோடு சில வாரம் பஸ்ஸில் போனேன். என் வீட்டுக்காரர் இனி சைக்கிளே கிடையாது என்று சொல்லிவிட்டார். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வடையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து அவரிடம் வாதாடினாய். "அவ விழுந்தது சைக்கிளால இல்லை. மரியாதையால." சொன்ன கையோடு வடைத் தட்டை அவர் கையில் கொடுத்தாய்.

அன்று வாசலில் நின்றுதான் நமக்குள் அந்தப் பேச்சு வைத்துக்கொண்டோம். முன்னால் போகிறவளுக்குத் தன் முதுகு தெரியாது. அதனால் பின்னால் வருபவள் சொல்ல வேண்டும். சகுனம், கூச்சம் எதுவும் பார்க்காமல், அப்போதே, சத்தமாகச் சொல்ல வேண்டும். "முன்னால போறவ கோவிக்கக் கூடாது" என்று நீதான் சேர்த்தாய். எனக்கும் ஒன்று, உனக்கும் ஒன்று என்று இல்லாமல் இரண்டு பேருக்கும் பொதுவான பேச்சு.

அதன் பிறகு எத்தனையோ சொன்னோம். டயரில் காற்று இறங்கியிருக்கிறது, பையின் வார் சக்கரத்தைத் தொடுகிறது, விளக்கு சாகப் போகிறது, தலைக்கவசம் பின்னால் சரிந்திருக்கிறது. ஒருமுறை என் கால்சட்டை தையல் விட்டிருந்ததை ரிச்சர்ட்சன் ரோடு முழுவதும் கேட்கும்படி சொன்னாய். தமிழில் சொன்னதால் தப்பித்தேன்.

போன வருடம் இலையுதிரும் நேரத்தில் உனக்கு நோய் என்று தெரிந்தது. குடலில், பரவியும் இருந்தது. நீ அதை என்னிடம் சைக்கிள் கூண்டில் வைத்துச் சொன்னாய், பூட்டைப் பூட்டிக்கொண்டே. மருந்து ஏற்றும் வாரம் ஓய்வு, அடுத்த வாரம் உடம்பு இடம் கொடுத்தால் சைக்கிள் என்று நீயே ஒரு திட்டம் போட்டிருந்தாய். மெதுவாக ஓட்டினால் நல்லதுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். உன் வீட்டுக்காரர் கெஞ்சினார், சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். நீ மசியவில்லை. மருத்துவமனையில் தான் ஒரு நோயாளி, வீட்டிலும் நோயாளி, சைக்கிளில் ஏறினால்தான் தான் வேலைக்குப் போகிற ஒரு ஆள் என்றாய்.

ஒரு காலை, கிளம்புவதற்கு முன் என் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினாய்.

"அவர் பயத்தில நிப்பாட்டச் சொல்லுவார். பிள்ளையள் அழுது சொல்லுவினம். நான் கேக்க மாட்டன். நீர் பின்னால வந்து பாத்துச் சொல்லும். நீர் சொன்னா இறங்குவன்."

நான் சரி என்றேன். அப்போது அது ஒரு கௌரவம்போலத்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க நீ முன்னால், நான் பின்னால். உன் முதுகு மெலிவதைத் தினமும் பார்த்தேன். மேடு வந்தால் இறங்கித் தள்ளினாய், பரவாயில்லை. மோட்டார்வேயை ஒட்டிய பாதையில் குழந்தைகள்கூட நம்மை முந்திப் போனார்கள், பரவாயில்லை. வாட்டர்வியூ பாலத்தில் காற்று தள்ளியபோது நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டாய். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. களைப்பு ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு காலை, மழை விட்டு நல்ல குளிர். ரிச்சர்ட்சன் ரோட்டில் இறக்கம். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டியது. நீ பிரேக் பிடிப்பாய் என்று நான் எதிர்பார்த்த இடத்தில் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பிடித்தாய், அதுவும் கையைக் குனிந்து பார்த்துவிட்டு. காருக்கும் உனக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம்தான் இருந்தது. கார்க்காரர் கை காட்டிவிட்டுப் போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை.

அடுத்த மூலையில் உன்னை நிறுத்தினேன்.

"பிரேக் பிடிக்கிறது கைக்குத் தெரியுதா?"

"தெரியுது."

"பொய் சொல்லாத. குனிஞ்சு பாத்துதான் பிடிச்ச."

நீ கையுறையைக் கழற்றினாய். அந்த மருந்துக்குக் குளிர் ஆகாது, விரல் நுனி மரத்துப்போகும் என்றாய். எத்தனை நாளாக என்று கேட்டேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"இன்னையோட போதும்" என்றேன். "இனி ஓட்டாத."

"வெயில் ஏறினா விரல் சரியாகிடும். கொஞ்சம் பிந்தி வெளிக்கிடலாம்."

"வேணாம்பா. போதும்."

நீ சைக்கிளைத் திருப்பி, தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாய். நான் கூடவே வந்தேன். வாசலில் நீ என்னை உள்ளே கூப்பிடவில்லை. முன்னால் போகிறவள் கோபப்படக் கூடாது என்று விதி போட்டவள் ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. அந்த ஒரு வாரமும் நான் சமைத்த எதிலும் உப்பு சரியாக இல்லை. சைக்கிளைத் தொடவும் இல்லை, உன் தெரு வழியாகப் போகவும் இல்லை.

பிறகு நீயே கூப்பிட்டு, வரச் சொன்னாய். சைக்கிளில்தான் வர வேண்டும் என்றாய். வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "ரோட்டு எப்பிடி?" பாலத்தில் காற்று எப்படி, எந்த வளைவில் இலை கிடக்கிறது, பாதையில் விளக்கு எரிகிறதா, எல்லாம் ஒன்று விடாமல் கேட்டாய். கிளம்பும்போது இந்தக் கையுறைகளை என் பையில் திணித்தாய். அதிலிருந்து ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து வரும் வழியில் உன்னிடம் வந்து, அன்றைய ரோட்டைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். நீ கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். நான் எங்கேயாவது அவசரப்பட்டால், "அந்தத் திருப்பத்தை விட்டிட்டீர்" என்பாய்.

வசந்தம் வந்தது. உன்னால் எழுந்து உட்கார முடியாமல் போன ஒரு மாலையில், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன். இரண்டு வாரம், மூன்று வாரம் நீ இன்னும் ஓட்டியிருக்கலாமோ, அதை நான் பறித்துவிட்டேனோ என்ற எண்ணம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

"நான் அவசரப்பட்டுட்டேனா?"

நீ யோசிக்கவே இல்லை. "ஓம். கெதியாத்தான் சொன்னீர்."

சீக்கிரமாகத்தான் சொல்லிவிட்டேன் என்று உன் வாயால் கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது. நீ என் கையைத் தேடிப் பிடித்தாய்.

"கெதியாச் சொன்னாத்தான் அது சொல்லுறது. பிந்தினா ஒப்பாரி."

சொல்லிவிட்டு, "உமக்கு ஒரு நாள் நான் இப்பிடிச் சொல்ல இருந்தனான். நீர் முந்தீட்டீர்" என்று சிரித்தாய். அதற்குப் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவில்லை. செப்டம்பர் கடைசியில் இங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, மாலை நேரம் நீளத் தொடங்குவதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

நான் இந்தக் குளிர்காலமும் ஓட்டுகிறேன். தடத்தில்தான் ஓட்டுகிறேன், ஹாரன் அடித்தால் கையைக் காட்டிவிட்டு என் பாட்டுக்குப் போகிறேன். மூலைக்கு மூலை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன். உன்னை நிறுத்தச் சொல்லிவிட்டு நான் மட்டும் ஓட்டுவது சில காலைகளில் நியாயமாகப் படவில்லை. உன்னை நினைத்து அழுதுகொண்டு ஓட்டினால் கண் தெரியாது என்பதால், பாலத்தில் நிறுத்தி, அழுதுவிட்டுத்தான் ஏறுகிறேன்.

எனக்கும் ஒரு நாள் வரும். கண் மங்கும், முழங்கால் மடங்காது, பிரேக் பிடிக்க ஒரு நொடி பிந்தும். என் வீட்டுக்காரர் இப்போதே தினமும் நிறுத்தச் சொல்கிறார், அதனால் அவர் பேச்சு கணக்கில் வராது. எனக்கு அதைக் கெதியாகச் சொல்ல வேண்டியவள் நீ. நீ சொல்லியிருந்தால் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்திருப்பேன், பிறகு இறங்கியிருப்பேன்.

அதனால் கிளம்பும் முன் வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்து, உன் பேச்சிலேயே என்னை நான் கேட்டுக்கொள்கிறேன்: "கைக்குத் தெரியுதோ?" இதுவரை பொய் சொல்லவில்லை.